மணம் போன பிறகு

தம்பியின் ஓட்டோவில் ஏறினால் பின் இருக்கையின் இடது மூலையைத் தடவிப் பார்க்காமல் என்னால் உட்கார முடிவதில்லை. இப்போது அங்கே இருப்பது புது ஸ்பொன்ஞ், புது ரெக்சின். பழையதைக் கழற்றி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. போன வருடம் சிறுபோகத்தின்போது, தம்பலகாமத்து ஐயா ஒருவர் நெல்லில் விழும் அறக்கொட்டிப் பூச்சிக்கு அடிக்கத் திருகோணமலை ரவுனில் ஒரு போத்தல் மருந்து வாங்கிக்கொண்டு தம்பியின் ஓட்டோவில் ஊருக்குத் திரும்பினார். மூடி சரியாக இறுகியிருக்கவில்லை. பாலம்போட்டாற்றுக்குக் கிட்டப் போகும்போதுதான் மணம் முகத்தில் அடித்து, தம்பி ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்திருக்கிறான். 400 மில்லிலீற்றர் போத்தலில் பாதிக்கு மேல் இருக்கைக்குள் இறங்கிவிட்டது. தண்ணீராக இருந்தால் ரெக்சினில் உருண்டு வழிந்திருக்கும். இது எண்ணெய்ப் பதம். தையல் ஓட்டைகள் வழியாக, சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் இருக்கையைக் கழற்றினோம். சவர்க்காரத் தூள் போட்டு மூன்று தடவை கழுவி, மிதித்துப் பிழிந்து, மதிலில் சாத்தி நாலு நாள் காயவிட்டோம். கச்சான் காற்று வீசும் மாதம். பகல் முழுக்க அடுப்பு வாயில் நிற்பது போன்ற சூடு. ஐந்தாம் நாள் காலையில் தம்பி என்னைக் கூப்பிட்டான். ஓட்டோ ஓடாவிட்டால் லீசிங் கட்ட முடியாது, அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் குனிந்து, ரெக்சினில் மூக்கு முட்ட மணந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. "போயிட்டுது தம்பி, ஓட்டு" என்றேன்.

நான் உயர்தரத்துக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவள். அவன் என்னைக் கேட்டது அதனால்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விடும் நேரம். ஓட்டோ ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெயிலில் நின்றிருந்தது. புழுதிக்காகப் பக்கத் திரைகளைக் கீழே இறக்கிவிட்டிருந்தான். வழமையாகப் போய்வரும் நாலு பிள்ளைகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை எப்போதும் இடது மூலைக்காரி. அனுராதபுரச் சந்திக்கு வருவதற்குள் தலை இடிக்கிறது என்றிருக்கிறாள். சந்தி தாண்டியதும் சத்தி எடுத்தாள். வாயிலிருந்து எச்சில் நிற்காமல் வழிந்தது. தம்பி அப்படியே வைத்தியசாலைக்குத் திருப்பினான். அங்கே இருந்த இளம் டொக்டர் கண்ணில் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "வீட்டில வயல் மருந்து ஏதும் வைச்சிருக்கிறீங்களா?" என்று தாயைக் கேட்டாராம். கண்மணி ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை, அவர்கள் வயல் செய்கிறவர்கள் இல்லை. தம்பிக்கு விளங்கிவிட்டது. இரண்டு இரவு மறித்து வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். பிள்ளைக்கு இப்போது ஒரு குறையும் இல்லை.

மூன்றாம் நாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போய், ஓட்டச் சொன்னது நான்தான் என்று தாயிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, "நீங்கள் மணந்து பார்த்தனீங்கள்தானே டீச்சர், மணமில்லை எண்டுதானே சொன்னீங்கள்" என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னார். இந்த ஒரு வருடமாக என்னைத் தூங்கவிடாதது அந்த வசனம்தான்.

மூக்கு எதை மணந்தது?

வயல் மருந்துப் போத்தலைத் திறந்ததும் வருகிற அந்த மூக்கைத் துளைக்கும் மணத்தில் பெரும்பங்கு மருந்தினுடையது அல்ல. பூச்சியைக் கொல்லும் பொருள் அநேகமாகத் தண்ணீரில் கரையாது. அதைச் சைலீன் போன்ற ஒரு கரைப்பானில் கரைத்து, தண்ணீரோடு பால்போலக் கலக்க ஒரு சவர்க்கார வகையும் சேர்த்து அடைக்கிறார்கள். பெயின்ற் கடை மணம் மாதிரி ஒன்று வருவது அதனால்தான். ஒரு பொருள் எவ்வளவு சுலபமாக ஆவியாகும் என்பதை ஆவியமுக்கம் காட்டும். சைலீனின் ஆவியமுக்கம் 25 பாகையில் சுமார் 8 மில்லிமீற்றர் இரசம். நம்மூரில் எல்லாருக்கும் தெரிந்த பூச்சிமருந்தான மலத்தியனை எடுத்துக்கொண்டால், அதன் ஆவியமுக்கம் சைலீனுடையதில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டும் ஒரே இருக்கைக்குள் ஊறியிருந்தால் எது முதலில் போகும் என்று என் மாணவர்களைக் கேட்டால் கடைசி வாங்கிலில் இருப்பவனும் சரியாகச் சொல்வான். கரைப்பான் நாலு நாளில் போய்விட்டது. மருந்து இருந்த இடத்திலேயே இருந்தது. நான் மணந்து பார்த்தது கரைப்பான் இருக்கிறதா என்பதைத்தான்.

ஒரு பொருளை நேரடியாக அளக்க முடியாதபோது அதன் இடத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்கிறோம். அப்படி வைக்கிற பொருளைப் பதிலி என்று சொல்லலாம். என்னை அறியாமலே சைலீனின் மணத்தை நான் மருந்துக்குப் பதிலியாக வைத்திருந்தேன். அது கெட்ட பதிலி. இருவரும் ஒரே போத்தலில் இருந்து வந்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்குள் ஒரு பொருத்தமும் இல்லை. மருந்தின் ஆவி அவ்வளவு சொற்பமென்றால் அது என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் வீட்டு அறைக்குள் குளோர்பைரிபொஸ் என்ற பூச்சிமருந்தை அடித்துப் பார்த்த ஆய்வொன்று 1998இல் வந்தது. மருந்து காய்ந்த பிறகும் அது மெல்ல மெல்லக் காற்றில் எழுந்து, பிறகு கொண்டுவந்து வைத்த விளையாட்டுச் சாமான்களில், மென்பொம்மை பிளாஸ்டிக் பொம்மை இரண்டிலும், இரண்டு கிழமை வரை ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. சொற்ப ஆவிக்குப் பொறுமை அதிகம். ஓட்டோவில் ஆவி மட்டும் வேலை செய்ததாகவும் நான் சொல்லவில்லை. அரைப் பாவாடையும் வியர்த்த தொடையுமாகப் பிள்ளை அந்த ரெக்சினில் ஒட்டிக்கொண்டு இருந்தாள். தோலாலும் போயிருக்கும்.

அம்மம்மாவின் முழங்கால்

பதிலி என்ற எண்ணம் எனக்குப் புதிதாகத் தோன்றியது அல்ல, வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்கிற கதைதான். சலிசிலிக்கமிலமும் மெதனோலும் செறிந்த சல்பூரிக்கமிலமும் சேர்த்துச் சூடாக்கினால் மெதைல் சலிசிலேற்று வரும். சோதனைக் குழாயை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவரும் முதல் பிள்ளையே "டீச்சர், தைலம்!" என்று கத்தும். மூட்டு வலிக்குப் பூசும் வின்டர்கிரீன் தைலம் முழுக்க அதுதான். எங்கள் அம்மம்மாவின் முழங்கால் மணம். அவர் செத்து ஆறு மாதமாகியும் அவர் படுத்த தும்பு மெத்தையில் மத்தியானங்களில் அந்த மணம் எழும்பி வந்தது. (பூசுவதற்கு மட்டும்தான் தைலம். ஒரு தேக்கரண்டி சுத்தத் தைலத்தில் இருபதுக்கு மேற்பட்ட அஸ்பிரின் குளிசைக்குச் சமமான சலிசிலேற்று உண்டு. சிறு பிள்ளைகள் எட்டாத இடத்தில் வையுங்கள்.)

இந்தத் தைலத்தைத்தான் இராணுவ ஆய்வுக்காரர்கள், தோலைக் கொப்பளிக்கவைக்கும் போர் நஞ்சான கடுகு வாயுவுக்குப் பதிலியாக வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பு உடை போட்ட மனிதர்களைத் தைல ஆவி நிரப்பிய அறைக்குள் விட்டு, நடக்க, குனிய, ஏணியில் ஏற விடுவார்கள். உடைக்குள்ளே அக்குள், கழுத்து, தொடை என்று பல இடங்களில் ஆவியை உறிஞ்சும் சிறு ஒட்டுகள் இருக்கும். வெளியே வந்ததும் அவற்றை எடுத்து எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அளப்பார்கள். துணி, ரப்பர், பெயின்ற் பூசிய தகடு ஆகியவை விஷத்தை எவ்வளவு குடித்து எவ்வளவு நாளில் திருப்பிக் கக்கும் என்று பார்ப்பதற்கும் இதே தைலம் உதவுகிறது. தெரிவு கண்மூடித்தனமானதல்ல. மூலக்கூற்றுத் திணிவு தைலத்துக்கு 152, கடுகு வாயுவுக்கு 159. கொதிநிலை 222 பாகை, 217 பாகை. தண்ணீரில் இரண்டும் லீற்றருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகவே கரையும். அண்ணன் தம்பி மாதிரி. அண்ணன் தம்பிக்குள்ளும் குணம் வேறுதானே. 25 பாகையில் தைலத்தின் ஆவியமுக்கம் கடுகு வாயுவினுடையதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கடுகு வாயு 14 பாகையில் உறைந்துவிடும், தைலம் உறையாது. ஐரோப்பாவின் குளிர் நாளில் இது பெரிய வித்தியாசம், திருகோணமலையில் கணக்கிலேயே இல்லை. ஆனால் ஈரம் பட்டால் கடுகு வாயு மெல்ல உடையத் தொடங்கும், தைலம் அசையாமல் கிடக்கும். அது நம்மூருக்குப் பெரிய வித்தியாசம்.

ஆவியைக் கக்கும் துணி என்ன செய்யும் என்பதற்கு இரண்டு சம்பவங்களை வகுப்பில் சொல்வேன். ஒன்று, 1943 டிசெம்பர் 2, இத்தாலியின் பாரி துறைமுகம். துறைமுகத்தில் குண்டு விழுவது என்றால் என்னவென்று எங்களூருக்குச் சொல்லத் தேவையில்லை. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் இங்கே போட்டார்கள், சீனக்குடாவில் ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கியின் மேலேயே விழுந்தது. பாரியில் குண்டு பட்ட கப்பல்களில் ஒன்றான ஜோன் ஹார்வியில் இரகசியமாக ஏற்றிய 2,000 கடுகு வாயுக் குண்டுகள் இருந்தன. கடலில் மிதந்த எண்ணெயில் அது கரைந்தது. எண்ணெயில் தோய்ந்த மாலுமிகளைக் கரைக்கு எடுத்து, குளிருக்கு அந்த உடுப்பின் மேலேயே கம்பளியால் சுற்றி உட்காரவைத்தார்கள். என்ன ஏறியிருந்தது என்று மருத்துவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. 600க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு 83 பேர் வைத்தியசாலையில் இறந்தார்கள். மற்றது, 1995 மார்ச் 20, டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் என்ற நரம்பு நச்சுத் தாக்குதல். புனித லூக்கா வைத்தியசாலைக்கு அன்று 640 பேர் வந்தார்கள். உடுப்பு களையாமல் உள்ளே எடுத்ததில், அவர்களைப் பார்த்த ஊழியரில் கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்கு அறிகுறிகள் வந்தன. காற்றோட்டம் இல்லாத சிற்றாலயத்தில் நோயாளரைக் கிடத்திப் பார்த்தவர்களுக்கு இன்னும் கூட.

சரினும் மலத்தியன் போன்ற வயல் மருந்துகளும் ஒரே குடும்பம் என்பதையும் அந்த வகுப்பிலேயே சொல்வேன். ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சிமருந்து தேடிக்கொண்டிருந்தபோதுதான் 1936இல் தபுன் என்ற நரம்பு நச்சும் 1938இல் சரினும் கையில் வந்தன. எல்லாமே நரம்பு முனையில் ஒரே நொதியத்தைத்தான் பிடித்து நிறுத்துகின்றன. வீஎக்ஸ் என்ற நச்சுக்குப் பதிலியாக ஆய்வுகூடங்களில் மலத்தியனைப் பாவிக்கிறார்கள். எங்கள் வீட்டு விஷம் அங்கே பாதுகாப்பான பதிலி. இவ்வளவையும் வருடா வருடம் சொல்லிவிட்டு, வீட்டு மதிலில் சாத்தியிருந்த இருக்கையை நான் மணந்து பார்த்தேன்.

கிணற்றுக்கட்டில் பத்து நாள்

பிள்ளை வீட்டுக்கு வந்த கிழமையே தம்பி இருக்கையை மாற்றிவிட்டான். எனக்கு அது போதவில்லை. அந்த ஸ்பொன்ஞ் எப்போது பாதுகாப்பாகியிருக்கும், நாலு நாள் போதாதென்றால் எத்தனை நாள் என்று தெரிய வேண்டியிருந்தது. மருந்தை வைத்துச் செய்து பார்க்க முடியாது, கூடாது. தைலம் இருந்தது. புது இருக்கை அடித்த கடையில் மிஞ்சிய ரெக்சினும் ஸ்பொன்ஞும் வாங்கி, பத்துக்குப் பத்து சென்ரிமீற்றரில் வெட்டினேன். ரெக்சின் தைத்த ஸ்பொன்ஞ் ஒன்று, வெறும் பருத்தித் துணி ஒன்று, மெத்தைத் தும்பு ஒரு பிடி. ஒவ்வொன்றிலும் 2 கிராம் தைலம் ஊற்றி, கிணற்றடி நிழலில் கொடி கட்டித் தொங்கவிட்டேன். தைலம் ஊற்றாத அதே மாதிரித் துண்டுகளும் பக்கத்தில் தொங்கின. துணியும் தும்பும் இரவில் ஈரம் இழுத்துப் பாரம் கூடும், அதைக் கழிக்க வேண்டும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்துத் தராசை அதிபரிடம் கேட்டுக் கொண்டுவந்து காலையும் மாலையும் நிறுத்தேன். கிராமில் நூறில் ஒன்று வரை காட்டும் தராசு. அதற்குக் காற்று படக்கூடாது, கச்சானுக்குக் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிற்பாட்டி, வியர்க்க வியர்க்க நிறுத்தேன்.

துணி மறுநாள் மாலையே காலி. தும்பு மூன்று நாள் எடுத்தது. ரெக்சின் ஸ்பொன்ஞ் முதல் நாளில் பாதியை விட்டது. அப்புறம் கையை இறுக்கிக்கொண்டது. நாலாம் நாள் 0.4 கிராம் மிச்சம், பத்தாம் நாளும் 0.18. புத்தகத்தில் உள்ளதுதான். மேலே திரவமாக நிற்கும்வரை ஆவி ஒரே வேகத்தில் போகும். உள்ளே ஊறியது வெளியே வர, பொருளுக்குள் இடம் தேடித் தேடி ஊர்ந்து வர வேண்டும். முதல் நாளில் வந்ததைப் போல இரண்டு மடங்கு வர நாலு நாள், மூன்று மடங்கு வர ஒன்பது நாள். தடிப்பு இரண்டு மடங்கானால் நேரம் நாலு மடங்கு. ரெக்சினில் தைலம் பட்ட இடம் கொஞ்சம் உப்பி, மெதுமெதுவென்று ஆகியிருந்ததையும் கவனித்தேன். ரெக்சினை வளையவைக்கச் சேர்க்கிற பொருள்களும் எசுத்தர் என்ற இரசாயன வகை. தைலமும் எசுத்தர். உறவுக்காரர் வீட்டுக்குப் போனதுபோல் உள்ளே போய் இருந்துவிட்டது. சரி, உறவு இல்லாத மருந்து இப்படி உட்காருமா, இதைவிடக் கூடவா குறையவா? தைலத்தையும் மருந்தையும் மட்டும் ஒப்பிட்டால் இதற்குப் பதில் வராது. தைலத்துக்கும் ரெக்சினுக்கும் என்ன உறவு, மருந்துக்கும் ரெக்சினுக்கும் என்ன உறவு என்று இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். துணியில் நல்ல பதிலி ரப்பரில் பொய் சொல்லலாம்.

பத்தாம் நாள் அந்த ஸ்பொன்ஞ் துண்டை மணந்து பார்த்தேன். லேசாகக்கூட இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், பத்து நாளாகத் தைலத்தோடு இருந்த மூக்கு பழகிப்போயிருக்கும். அதை ஒரு ஜாம் போத்தலில் போட்டு மூடி, பன்னிரண்டரை மணி வெயிலில் கிணற்றுக்கட்டுச் சீமெந்தில் வைத்துவிட்டுச் சமைக்கப் போனேன். ஒன்றரைக்கு வந்து மூடியைத் திறந்தேன். அம்மம்மா வந்து நின்றார். அப்படித்தான் இருந்தது. கண் எரிந்தது. பத்து நாள் காய்ந்த, மணமில்லாத, தொட்டால் ஈரமில்லாத ஒரு கைப்பிடி ஸ்பொன்ஞ். திரை இறக்கி வெயிலில் நிறுத்திய ஓட்டோவும் ஒரு ஜாம் போத்தல்தான்.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு பொருள் ஆவியாக எவ்வளவு வெப்பம் தேவை என்று தெரிந்தால், சூடு ஏற ஏற அதன் ஆவியமுக்கம் எவ்வளவு ஏறும் என்று கிளவுசியஸ் கிளாப்பிரன் சமன்பாடு சொல்லும். நிழலில் 30 பாகை, வெயிலில் நின்ற ஓட்டோ இருக்கை 60 என்று வைத்துக்கொண்டேன். தைலம் ஏழெட்டு மடங்கு ஏறியது. மலத்தியன் மாதிரிப் பாரமான பொருளுக்குப் போட்டால் இருபது மடங்குக்குக் கிட்ட வந்தது. நம்பாமல் திரும்பப் போட்டேன். பிழை இல்லை. ஆவியாக எது கூடுதலாகக் கஷ்டப்படுகிறதோ, அதுதான் வெயிலுக்குக் கூடுதலாக எழும்பும். நிழலில் சாதுவாகக் கிடப்பது மத்தியானத்தில் தன் பதிலியை விட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் ஏறுகிறது. என் தைலம் எனக்குச் சொன்ன செய்தி உண்மை. ஆனால் பிள்ளைக்கு நடந்த அந்த நேரத்துக்கு, அந்தச் சூட்டுக்கு, அது குறைத்துத்தான் சொல்லும். காலை ஏழு மணிக் குளிரில் மணந்து பார்த்துவிட்டு, ஒன்றரை மணி வெயிலுக்கு நான் அனுமதி கொடுத்திருக்கிறேன்.

அந்தக் கொப்பியை மூடி வைக்க எனக்கு நெடுநேரம் எடுத்தது. எத்தனை நாளில் பாதுகாப்பு என்று ஓர் எண் கிடைக்கும், அதைத் தம்பியிடம் சொல்லலாம் என்று தொடங்கியவள் நான். பதினைந்து நாள், ஒரு மாதம் என்று ஏதாவது. தைலத்தை வைத்து அந்த எண்ணைக் கொண்டுவரலாம், அழகாக வரைபும் கீறலாம். கீறினால் அதை எல்லாரும் நம்புவார்கள், டீச்சர் தராசில் நிறுத்துச் சொன்னது என்று. அதை நான் செய்யவில்லை.

மண்சுவர் சொன்னது

தம்பலகாமத்தில் எங்கள் அப்பப்பாவின் வீடு மண்சுவர் வீடு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மலேரியா மருந்து அடிக்கிறவர்கள் முதுகில் பம்பைக் கொளுவிக்கொண்டு வருவார்கள். சட்டி பானையெல்லாம் முற்றத்துக்கு வரும். மலத்தியன் அடித்துவிட்டுப் போவார்கள். கொஞ்ச நாளில் மணம் போய்விடும், நுளம்பும் திரும்பி வந்துவிடும். மண்சுவர் மருந்தைக் குடித்துவிடுவதால் அதன் மேற்பரப்பில் நுளம்பின் காலில் ஒட்ட ஒன்றும் மிஞ்சாது என்பது மலேரியா ஒழிப்பில் வேலை செய்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். ஆனால் மாரி தொடங்கி முதல் மழைச் சாரலில் சுவர் நனைந்ததும் அந்த மணம் திரும்ப வரும். அப்பப்பா "சுவர் மூச்சு விடுகுது" என்பார். காய்ந்த மண் மருந்தை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். ஈரம் வந்தால் தண்ணீர் அந்த இடத்தைத் தான் பிடித்துக்கொண்டு மருந்தை வெளியே தள்ளிவிடும். படிப்பறிவில்லாத அப்பப்பா கண்டதைத்தான் இரசாயனவியலும் சொல்கிறது. தைலத்தோடு நான் செய்ததெல்லாம் வரண்ட கச்சானில். வியர்வை, பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல் சிந்தல், இரவுப் பனி எதுவும் என் கொடியில் இல்லை.

மருந்தும் போத்தலில் அடைத்தபடியே இருப்பதில்லை. 1976இல் பாகிஸ்தானில் மலேரியாவுக்கு மலத்தியன் தெளித்த 7,500 பேரில் ஏறக்குறைய 2,800 பேர் நஞ்சேறி விழுந்தார்கள், 5 பேர் இறந்தார்கள். லேபிளில் இருந்தது மலத்தியன். ஆனால் அதன் ஒரு பங்கு ஐசோமலத்தியனாக மாறியிருந்தது. அது உடம்பு மலத்தியனை உடைத்து அகற்றும் வழியையே அடைத்துவிடும். சூட்டில் வைத்திருந்தால் இந்த மாற்றம் வேகமாகும். கடையில் வாங்கிய புதுப் போத்தலை வைத்துச் சோதித்தாலும், நாலு நாள் வெயிலில் வெந்த ஸ்பொன்ஞுக்குள் இருப்பது அதுதான் என்று சத்தியம் பண்ண முடியாது.

பதிலி வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அந்தத் தைலம் இல்லாவிட்டால் தீயணைப்புக்காரர்களும் வைத்தியசாலை ஊழியர்களும் போடுகிற உடைகளில் எங்கே ஓட்டை என்று தெரிய, யாரையாவது உண்மையான விஷத்துக்குள் விட வேண்டியிருக்கும். எனக்கும் ஜாம் போத்தலைத் திறந்த நிமிடத்தில் விளங்கியது, பத்துப் புத்தகம் படித்தும் விளங்காதது. மணமில்லாத ஸ்பொன்ஞ் வெறும் ஸ்பொன்ஞ் அல்ல என்பதை அது அடித்துச் சொன்னது. எத்தனை நாள் என்று கேட்டால்தான் அது ஆள் மாறிச் சாட்சி சொல்கிறது. தம்பிக்கு நான் கடைசியில் சொன்னது இதுதான்: உறிஞ்சுகிற பொருளில் வயல் மருந்து ஊற்றுப்பட்டால் கழுவிக் காயவைத்து நாள் பார்க்காதே. ஸ்பொன்ஞ், மெத்தை, தும்பு, சாக்கு, சப்பாத்து, எதுவானாலும் தூக்கு. தகடும் கண்ணாடியும் கழுவலாம். செலவு 14,000 ரூபா வந்தது. முதல் நாளே செய்திருக்கலாம்.

தூக்கு என்று சொல்வது லேசு. எங்கே தூக்குவது? எரிக்கவும் முடியாது, புகை இன்னும் மோசம். கடற்கரையில் எறிகிற ஊர்வழக்கம் எனக்கு மனம் வரவில்லை. குப்பை வண்டிக்காரர் வாங்குவார், ஆனால் அவர் கையால் எடுத்து, வண்டியில் ஏறி அதன் மேலேயே உட்காருகிறவர். ஸ்பொன்ஞை இரண்டு பொலித்தீன் பைகளில் சுற்றி, மூடி இறுகும் நீலப் பீப்பாவுக்குள் வைத்து, வளவின் பின்பக்கம் முருங்கை நிழலில் வைத்திருக்கிறோம். பெயின்ற்றால் திகதியும் "மருந்து ஊறினது, தொடாதீங்கோ" என்றும் எழுதியிருக்கிறேன். சின்ன மாமா இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டார். வள்ளத்தில் உட்காரப் போடுவாராம். "ஒரு வருசமாப் போச்சு, இன்னும் என்ன கிடக்கு அதில? மணமும் இல்லை" என்றார். மூடியைத் திறந்து மணந்தும் பார்த்திருக்கிறார். நான் இழுத்து மூடினேன். அவருக்குக் கோபம்.

ஓட்டோவின் பின்னால் இப்போது மூடி போட்ட ஒரு பெயின்ற் வாளி கட்டியிருக்கிறது. வயல்காரர் யார் ஏறினாலும் போத்தல் அதற்குள்தான் போகும். தம்பலகாமத்து ஐயா விஷயம் கேள்விப்பட்டு வந்து, பெயின்ற் கடையில் தானே கேட்டு வாங்கித் தந்த வாளி அது. அந்தப் பிள்ளை இப்போது நாலாம் வகுப்பு. இன்னமும் தம்பியோடுதான் போகிறாள், இன்னமும் இடது மூலையில்தான். போன கிழமை தாயைச் சந்தையில் கண்டேன். "இப்ப ஓட்டோவில ஒரு மணமும் இல்லையாம் டீச்சர், மகள் சொன்னவள்" என்றார் சிரித்துக்கொண்டு. "மணத்தை நம்பேல்ல அக்கா, சீற்றையே மாத்திப்போட்டம், அடித் தகட்டையும் கழற்றிக் கழுவினது" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வெண்டிக்காய் முறித்துப் பார்க்கத் தொடங்கினார்.